என்னைப் பிரதமை என்று கூப்பிடுகிறவர்களுக்கு

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். என் கையெழுத்தில் இதுவரை வெளியே போனதெல்லாம் அக்காவுக்குப் போட்ட கார்டுகளும், லீவு லெட்டர்களும், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கச் சொல்லி எழுதிய ஒரு மனுவும்தான். அப்படிப்பட்டவன் நாலு பேர் படிக்க வேண்டும் என்று எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியே முடித்திருப்பேன். எதிரே ஒரு ஆள் நின்றால் எனக்குப் பேச்சு வராது. காகிதம் குறுக்கே பேசாது, சிரிக்காது. அதனால் இதில் சொல்கிறேன்.

போன மாதம் திருவள்ளூரில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பெண்ணைக் கொடுத்த வீட்டாரோடு உட்கார்ந்திருந்தேன். எதிர்ப் பந்தியிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் என்னோடு வேலை செய்தவர். வந்தவர் என் தோளைத் தட்டி, "இன்னா பிரதமை, சௌக்கியமா?" என்றார். சம்பந்தி என்ன பெயர் இது என்று கேட்டார். அவ்வளவுதான், அந்த ஆள் நின்றபடியே கதையை ஆரம்பித்துவிட்டார். அமாவாசை என்றைக்கு என்று தெரியாமல் பந்தயம் கட்டினேனாம். அமாவாசை போய் அடுத்த திதியான பிரதமையும் வந்த பிறகு ஜெயித்துவிட்டேன் என்று சண்டைக்கு நின்றேனாம். சம்பந்தி வீட்டார் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் பாயசத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபது வருஷமாக நான் செய்துகொண்டிருப்பது அதைத்தான்.

சண்டைக்கு நான் நிற்கவே இல்லை. நின்றிருந்தால் இன்றைக்கு இந்த எரிச்சல் இருக்காது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. காக்களூரில் ஒரு சின்ன யூனிட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். சைக்கிள் பெடலுக்கு நடுவில் போகும் அச்சு செய்கிற இடம். கடம்பத்தூரிலிருந்து காலை வண்டியில் திருவள்ளூர் வந்து, அங்கிருந்து நடந்து போவேன். மெஷினில் பதினோரு பேர். எங்களுக்கு மேலே ஒரு மேஸ்திரி. ஆபீஸில் ஒரே ஒரு கிளார்க். எல்லாருக்கும் மேலே முதலாளி.

கிளார்க், திருவள்ளூர்ப் பெருமாள் கோயிலில் தலைமுறையாகச் சேவை செய்கிற வீட்டுப் பிள்ளை. எனக்கு ஒத்த வயசுதான். நாங்கள் எல்லாரும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னை நீ என்பார், நான் அவரை நீங்க என்பேன். அன்றைக்கு அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. கெட்ட மனுஷர் இல்லை. காய்ச்சல் என்று நான் நாலு நாள் வராமல் போனபோது, லீவு லெட்டரை அவரே எழுதி என் பெயரில் கொடுத்தவர். இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒரு பக்கமாக எழுதுகிறேன் என்பார்கள்.

மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி. யூனிட்டுக்குப் பின்னால் ஒரு புங்க மரம். அதன் கீழே ஒரு எண்ணெய் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டிருக்கும். முதலாளி படித்து முடித்த பேப்பர் அந்த நேரத்தில் வெளியே வரும். சாமி டிரம் மேல் உட்கார்ந்து படிப்பார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்போம். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்களுக்கும் பேப்பர் கைக்கு வராது. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அது மடிப்புக் கலையாமல் முதலாளி அறைக்குத் திரும்பிவிட வேண்டும். ஆகவே டிரம்மில் உட்காருகிறவர் எதைப் படிக்கிறாரோ அதுதான் எங்களுக்கு அன்றைய உலகம்.

சாமி நன்றாகப் படிப்பார், அதில் குறை இல்லை. மேடைப் பேச்சு மாதிரி ஏற்றி இறக்கிப் படிப்பார். ஆனால் அவருக்குப் பிடித்ததைத்தான் படிப்பார். கட்சிச் செய்தி, அதற்கு அவருடைய வியாக்கியானம், அப்புறம் எந்தக் கொட்டகையில் எந்தப் படம். அத்தோடு மணி அடித்துவிடும். உள்பக்கத்தில் ஊர்ச் செய்திகள் என்று ஒரு பத்தி வரும். ஏரி, மதகு, ரோடு, பள்ளிக்கூடம். அதை அவர் தொட்டதே இல்லை.

தீபாவளி முடிந்து பத்து நாள் இருக்கும். விடாத மழை. என் அக்காவைக் கவரைப்பேட்டைக்குக் கிழக்கே, ஆரணி ஆற்றை ஒட்டிய ஒரு ஊரில் கொடுத்திருந்தோம். அன்று காலை திருவள்ளூர் ஸ்டேஷனில் இரண்டு பேர், அந்தப் பக்கம் ஏரி உடைந்துவிட்டதாகப் பேசிக்கொண்டு போனார்கள். எந்த ஏரி என்று கேட்பதற்குள் கூட்டத்தில் போய்விட்டார்கள். உண்மையைச் சொன்னால், கூட்டம் இல்லாவிட்டாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். முன்பின் தெரியாதவர்களிடம் எனக்கு வாய் வராது. மத்தியானம் பேப்பர் வரட்டும் என்று லேத்தில் நின்றேன். அன்று இரண்டு அச்சு வீணாக்கினேன்.

மத்தியானம் சாமிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் பேப்பரை விரித்தபோது உள்பக்கத்தில் 'பொன்னேரி தாலுகாவில்' என்று தடித்த எழுத்தில் ஒரு வரி தெரிந்தது. கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை எல்லாம் அந்தத் தாலுகாதான். அதற்குக் கீழே இருப்பதைப் பார்ப்பதற்குள் அவர் பக்கத்தைத் திருப்பிவிட்டார். கட்சியும் சினிமாவும் முடிந்தது. மணி அடித்தது. பேப்பரை மடித்தார்.

"சாமி, அந்த உள்பக்கம்" என்றேன்.

"அதெல்லாம் ஏரி, மதகுப்பா. தினம் அதே கதைதான்."

"குடுங்க, நான் படிச்சுக்கறேன்" என்று கையை நீட்டிவிட்டேன்.

அதற்கு ஏன் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. பதினோரு பேரில் நான் ஒருவன்தான் மூன்று வருஷமாகத் தானாக வாயைத் திறக்காதவன். அதனால்தான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மேஸ்திரி தெலுங்குப் பக்கத்து மனுஷர், எல்லாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். "அட, நைனாவுக்கு வாய் கீதுடா" என்றார். இன்னும் சிரிப்பு. சாமியும் சிரித்தார். அக்கா ஊரைப் பற்றிச் சொல்லியிருந்தால் அவர் உடனே படித்திருப்பார். சிரிப்புக்கு நடுவில் அதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

அப்போது சாமி சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் எழுதுகிறேன், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது.

"நீ எல்லார் முன்னாடியும் ஒரு பக்கம் முழுசா, சத்தமா, நடுவில நிறுத்தாம படிச்சுக் காட்டு. வர்ற அமாவாசைக்குள்ள. படிச்சுட்டேன்னா இந்த டிரம்மும் பேப்பரும் உனக்கு. நான் கீழ உக்காந்து கேக்கறேன்."

"தோத்துட்டா?" என்று கேட்டவர் மேஸ்திரி. பதிலையும் அவரே சொன்னார். "பொங்கல் வரிக்கும் தெனம் காலைல சாமி சைக்கிளைத் தொடைக்கணும்."

சரி என்று தலையாட்டினேன். எல்லாரும் கை தட்டினார்கள். விளையாட்டுப் பந்தயம்தான். ஆனால் எனக்கு அதில் விளையாட்டு எதுவும் இல்லை. அந்த டிரம்மில் உட்கார்ந்தால் உள்பக்கத்தை நான் படிக்கலாம். யாரும் சிரிக்காமல் கேட்பார்கள். வேறு எதையும் நான் அந்த யூனிட்டில் ஆசைப்பட்டதில்லை.

அக்கா விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். உடைந்தது வேறு ஏரி. நாலாம் நாள் மாமாவிடமிருந்து கார்டு வந்தது, தண்ணீர் தெருவரைக்கும் வந்து வடிந்துவிட்டது என்று. அந்த நாலு நாளும் நான் பட்ட பாடு, உள்பக்கத்தில் ஒரு விரல் அகலச் செய்தியைப் படிக்க முடியாமல் பட்ட பாடு.

அமாவாசை என்று ஏன் கெடு வைத்தார் என்றால், எங்கள் யூனிட்டில் எல்லாமே அமாவாசைக் கணக்குதான். அன்று சாயங்காலம் ஒரு மணி நேரம் முன்னதாக மெஷினை நிறுத்துவோம். துடைத்து, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி வைப்போம். வாசலில் பூசணிக்காய் உடைப்போம். பெல்ட் மாற்றுவது, எண்ணெய் மாற்றுவது எல்லாம் அடுத்த அமாவாசை என்றுதான் பேச்சு. ஆகையால் எந்த அமாவாசை, எந்தக் கிழமை என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மறுநாள் ஆபீஸ் வாசலில் தொங்கிய காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். கார்த்திகை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமைத் தாளில் பெரிதாகக் கறுப்பு வட்டம் போட்டிருந்தது. கிட்டத்தட்ட மூன்று வாரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் என்னவோ இருந்தது. கறுப்பு வட்டம் இருக்கும்போது சின்ன எழுத்தை யார் படிக்கிறார்கள்?

அந்த மூன்று வாரமும் தினம் விடியற்காலையில் சத்தமாகப் படித்துப் பழகினேன். வீட்டில் பேப்பர் கிடையாது. மளிகைக் கடையில் பருப்பும் மிளகாயும் மடித்துக் கொடுத்த தாள்களைப் பிரித்து, நீவி, அதைத்தான் படித்தேன். என் மனைவி அடுப்பு மூட்டிக்கொண்டே கேட்பாள். முதல் நாள், "யாரோட சண்டை போட்டுக்கினுகீற?" என்று எட்டிப் பார்த்தாள். பயத்தில் அப்படிக் கத்தியிருக்கிறேன். போகப்போக அவளுக்குக் கதை பிடித்துவிட்டது. பொட்டலத் தாளில் எல்லாச் செய்தியும் பாதியில் கிழிந்திருக்கும். கிணற்றில் விழுந்த மாட்டைத் தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி இழுத்தார்கள் என்பதோடு ஒரு தாள் நின்றுபோனது. "மேல வந்துச்சா, இல்லியா?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். தெரியாது என்றேன். "படிக்கத் தெரிஞ்சு இன்னாய்யா பிரயோஜனம்" என்றாள்.

இப்படியாக அந்த வாரம் வந்தது. எல்லாத் தப்பும் வியாழக்கிழமைதான் நடந்தது. அதை மட்டும் கொஞ்சம் கவனமாகப் படிக்கும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை காலை சாமி வேலைக்கு வரவில்லை. அரை நாள் லீவு என்றார்கள். மத்தியானம் பேப்பர் வெளியே வந்தது. டிரம்மில் உட்கார ஆள் இல்லை. நான் தயாராக இருந்தேன். முந்தின நாளே இருந்தேன். மேஸ்திரி பேப்பரை எடுத்து என் கையிலேயே கொடுத்து, "நைனா, நீதான் படியேன்" என்றார்.

நான் படித்திருக்கலாம். அன்றே படித்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் பந்தயம் கட்டியவர் இல்லாதபோது படிப்பது திருட்டுத்தனமாக எனக்குப் பட்டது. அவர் கீழே உட்கார்ந்து கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவர். அவர் முதுகுக்குப் பின்னால் படித்து ஜெயிப்பது மரியாதை இல்லை. "வேணாம் மேஸ்திரி, சாமி வரட்டும். நாளைக்கு வரிக்கும் டைம் கீதே" என்றேன்.

மேஸ்திரி என்ன சொன்னார் தெரியுமா? "ஆமா, நாளைக்குத்தானே அமாவாசை. பூசணிக்காய்க்குச் சொல்லணும்" என்றார். அவர் வாயால் சொன்னார். பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள். இதை நான் கற்பனை செய்து எழுதவில்லை.

இரண்டு மணிக்குச் சாமி வந்தார். தலை ஈரம் காயவில்லை, நாமம் புதிதாக இருந்தது. அமாவாசைக்கு முந்தின நாளே வெளியூர்க் கூட்டம் வந்து கோயிலில் தங்கிவிடும். வேண்டுதலுக்காகக் குளத்தில் வெல்லம் கரைக்க வருகிறவர்கள். கூட்டத்துக்கு உதவியாகக் கோயிலில் நின்றுவிட்டு வருகிறார் என்று நான் நினைத்தேன். உண்மையில் அவர் மத்தியானம் வீட்டில், இறந்துபோன அப்பாவுக்கு அமாவாசைத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? அவரும் சொல்லவில்லை. அவருக்கு அன்றே அமாவாசை முடிந்துவிட்டது, நான் தோற்றுவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நாளைக்கு அமாவாசை, நாளைக்குப் படிக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாக ஸ்டேஷன் வரைக்கும் நடந்தோம். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் மழையைப் பற்றிப் பேசினார். பந்தயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தோற்றவனைக் குத்திக்காட்ட வேண்டாம் என்று அவர் விட்டிருப்பார். நாளைக்குப் பார்க்கட்டும் என்று நான் விட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மணி அடித்ததும், சோற்று டப்பாவைத் திறக்காமல் நேராக டிரம்முக்குப் போனேன். சாமி பேப்பரோடு வந்தார். கையை நீட்டினேன். கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். ஆனாலும் கொடுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார். உட்கார்ந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

உள்பக்கத்தை எடுத்தேன். முதல் நாலு வரி எனக்கே கேட்கவில்லை. "சத்தம் வரல" என்று ஒருவன் சொன்னான். விடியற்காலையில் அடுப்படியைப் பார்த்துப் படித்ததை நினைத்துக்கொண்டேன். குரல் வந்தது. ஊர்ச் செய்திகள் முழுவதும் படித்தேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தரைப்பாலம் பழுது. பொன்னேரியில் ரேஷன் கடைக்குக் கூட்டம். பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை. ஒரு பக்கம் முழுசாக என்பது பேச்சு. அதனால் விளம்பரத்தையும் விடவில்லை. டெண்டர் நோட்டீஸ், மூலத்துக்கு வைத்தியம், வழி தவறிப்போன பசுவைப் பற்றி ஒரு அறிவிப்பு, நல்லெண்ணெய் விளம்பரம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தேன். நடுவில் சிரித்தவர்களும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டார்கள். பள்ளிப்பட்டிலிருந்து வேலைக்கு வருகிற ஒருவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "அந்தக் கூரை மேட்டரை இன்னொரு வாட்டி படிப்பா" என்றான். நிறுத்தாமல் படிக்க வேண்டும் என்பதால் கடைசியில் திரும்பி வந்து அவனுக்காகப் படித்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தேன். கை தட்டினார்கள். சாமியும் தட்டினார்.

தட்டிவிட்டுச் சொன்னார்: "ரொம்ப நன்னாப் படிச்சேப்பா. ஆனா அமாவாசை நேத்திக்கே ஆயிடுத்தே."

கேலியாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

இன்றைக்குத்தான் என்றேன். இல்லை என்றார். காலண்டரில் வட்டம் இருக்கிறது என்றேன். அவர் எழுந்து போய் ஆபீஸ் வாசலில் இருந்து அன்றைய தாளையே கிழித்துக்கொண்டு வந்தார். எல்லாரும் கூடிவிட்டார்கள். நான் வட்டத்தைக் காட்டினேன். அவர் வட்டத்துக்குக் கீழே இருந்த சின்ன எழுத்தைக் காட்டினார். அமாவாசை காலை பத்தரை வரை, பிறகு பிரதமை என்று இருந்தது. வியாழக்கிழமை காலையில் வந்த அமாவாசை வெள்ளிக்கிழமை பத்தரைக்குப் போய்விட்டதாம். தர்ப்பணத்துக்கு மத்தியானப் பொழுதில் திதி இருக்க வேண்டுமாம், ஆகையால் வியாழன்தான் அமாவாசையாம். எப்படிப் பார்த்தாலும் நான் படித்தது பன்னிரண்டரைக்கு, அது பிரதமையில். பஞ்சாங்கப்படி அவர் சொன்னது அத்தனையும் சரி. நான் பின்னாளில் இரண்டு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் நான் கேட்கிறேன், பந்தயம் கட்டியது பஞ்சாங்கத்தின் மேலா? டிரம் பக்கத்தில் நின்று, யூனிட் ஆட்களை வைத்துக்கொண்டு கட்டியது. யூனிட்டுக்கு அமாவாசை என்பது பூசணிக்காய் உடைக்கிற நாள். காலை பத்தரைக்கு அமாவாசை போய்விட்டது என்று எந்த அமாவாசையிலாவது நாங்கள் பூஜையை நிறுத்தியிருக்கிறோமா? அவர் வீட்டு அமாவாசை எனக்குத் தெரியாது. என் அமாவாசை அவருக்குத் தெரியும். மாதாமாதம் பூஜைப் பொரிகடலை வாங்கித் தின்றிருக்கிறார். தெரிந்தவர்தான் எந்த அமாவாசை என்று விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். இதையெல்லாம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். "வட்டம் கீதே சாமி" என்று மட்டும் மூன்று தரம் சொன்னேன்.

மேஸ்திரியைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். முந்தின நாள் என் கையில் பேப்பரைக் கொடுத்தவர். நாளைக்குத்தானே அமாவாசை என்று சொன்னவர். எழுத்துக் கூட்டத் தெரியாதவர். அவர் அந்தத் தாளை வாங்கி, வட்டத்தையும் பார்த்தார், சின்ன எழுத்தையும் பார்த்தார், சாமியின் நாமத்தையும் பார்த்தார்.

"சாமி சொன்னா சரியாத்தான் இருக்கும். கோயில்ல பொறந்தவரு. நமக்கு இன்னா தெரியும் நைனா" என்றார்.

"நேத்து நீங்கதானே மேஸ்திரி" என்று ஆரம்பித்தேன்.

"நேத்து நான் பூசணிக்காயைச் சொன்னேன்" என்றார்.

எல்லாரும் அதற்கும் சிரித்தார்கள். பள்ளிப்பட்டு ஆள் மட்டும், "அவன் படிச்சான்பா, நாம கேட்டோம், அப்புறம் இன்னா" என்றான். அவன் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குள் யாரோ என்னைப் பார்த்து, "வா பிரதமை, சோறு துன்னலாம்" என்று கூப்பிட்டான். கூப்பிட்டது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று விழுந்த பெயர்தான் கல்யாணப் பந்தி வரைக்கும் வந்திருக்கிறது.

இதோடு போயிருந்தாலும் ஆறியிருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு மெஷினை நிறுத்தச் சொன்னார்கள். துடைத்தோம். பொட்டு வைத்தோம். என் லேத்துக்கு நானே எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தேன். முதலாளி வந்து நின்றார். மத்தியானம் அமாவாசை நேற்றே முடிந்தது என்று தீர்ப்புச் சொன்ன அதே மேஸ்திரி, தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு மெஷினாகக் காட்டிக்கொண்டு வந்தார். என் லேத்துக்கு வந்தபோது, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் கேட்காமல் ஒரு கேள்வி கேட்டேன்.

"மேஸ்திரி, இது இன்னா பூஜ?"

"அமாவாசை பூஜ, நைனா. தெரியாத மாதிரி கேக்கற" என்றார். சூடத்தை ஒற்றிக்கொள்ளச் சொல்லித் தட்டை நீட்டினார்.

அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு அமாவாசையும் அவருக்கு ஒன்றோடு ஒன்று இடிக்கவே இல்லை. பந்தயத்துக்கு ஒன்று, பூசணிக்காய்க்கு ஒன்று. நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வாசலில் பூசணிக்காய் உடைந்தது. சாமி பொரிகடலையை வேட்டி முனையில் வாங்கிக்கொண்டு தின்றார். பிரதமையில் எதற்கு இந்தப் பொரி என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

கிளம்பும்போது சாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சைக்கிளெல்லாம் தொடைக்க வேண்டாம்ப்பா. விளையாட்டுக்குச் சொன்னதுதானே" என்றார்.

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அதில் ஒரு அநியாயம் இருந்தது, அவருக்குத் தெரியவில்லை. சைக்கிள் விளையாட்டு என்றால் டிரம்மும் விளையாட்டுத்தானே? அப்படியானால் தோல்வியை விட்டுவிட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீயும் படி என்று சொல்லியிருக்கலாமே? டிரம்மைப் பற்றி அவர் பேசவே இல்லை. டிரம் நிஜமாகவே அவருக்கு, சைக்கிள் மட்டும் விளையாட்டாக எனக்கு. இந்தத் தயவை வாங்கிக்கொண்டால் நான் பிரதமையில் படித்தேன் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. துடைத்தாலும் அதே அர்த்தம்தான் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. தோற்றவன் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்தால், ஜெயித்தவர்கள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"பந்தயம் பந்தயம்தான் சாமி" என்றேன்.

வீட்டுக்குப் போனதும் மனைவி என்ன ஆயிற்று என்று கேட்டாள். முழுப் பக்கமும் படித்தேன், பசு அறிவிப்பைக்கூட விடவில்லை என்றேன். மாடு மேலே வந்ததா என்று கேட்டாள். அவளுக்கு அந்தக் கிணற்று மாடு ஞாபகம். இது வேறு பசு, வழி தவறிப்போன பசு என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. எட்டு மணிக்குள் போய்ச் சாமியின் சைக்கிளைத் துடைத்தேன். மத்தியானம் அவர் டிரம்மில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். உள்பக்கத்தைப் படிக்கவில்லை. மழை விட்டிருந்தது.